கடைசியாகத் தொட்டது யார்? வழுப் பதிவேடு சொல்லும் பதில்

இணையத்தளம் ஒன்று திடீரென முடங்கிவிட்டால், "கடைசியாக அதைத் தொட்டது யார்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழும். நேற்று மாலை புகைப்படங்களைப் பதிவேற்றிய மாணவி, கடந்த வாரம் கடவுச்சொல்லை மாற்றிய ஆசிரியை, தளத்தை வடிவமைத்துக் கொடுத்த பழைய மாணவி என்று சந்தேகம் ஒவ்வொருவராகச் சுற்றி வரும். இதற்கிடையில் அவசரப்பட்டு ஒருவர் சில கோப்புகளை அழிப்பார். இன்னொருவர் தளம் முழுவதையும் மீண்டும் நிறுவிப் பார்ப்போம் என்பார். நோய் எதுவென்று தெரியாமல் செய்யும் இந்த வைத்தியத்தால் சிறிய கோளாறு பெரிய இழப்பாக மாறிவிடுவதுண்டு.

இத்தனைக்கும் நடந்ததை எழுதி வைத்திருக்கும் ஒரு கோப்பு அந்தத் தளம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், என்ன தவறு ஏற்பட்டது என்பதைச் சேவையகம் தானாகவே எழுதிக்கொள்கிறது. இதுதான் எரர் லொக் எனப்படும் வழுப் பதிவேடு. அதை வாசிப்பதற்குப் பெரிய செய்நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும், நேரத்தைச் சரியாகக் கணக்கிடும் கவனமும் போதும். பாடசாலைத் தளம், சங்கமொன்றின் தளம், வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் ஒரு சகோதரியின் சிறிய தளம் என எதைப் பொறுப்பேற்றாலும் இந்த வாசிப்பு நமக்குத் தேவைப்படும்.

லொக் என்ற சொல்

லொக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டுப் போயின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவார்கள். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் லொக் புத்தகமாயிற்று. பின்னர் பயணத்தில் நடந்த எல்லாவற்றையும் நேரப்படி எழுதும் புத்தகத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. நமது பாடசாலை அதிபரின் மேசையில் இருக்கும் லொக் புத்தகமும், அதாவது சம்பவத் திரட்டும், இந்த வழியில் வந்ததே. அதில் யாரும் தம் விருப்பத்துக்குக் கதை எழுதுவதில்லை. இன்ன திகதி, இன்ன நேரம், இன்னது நடந்தது என்ற மூன்றே விடயங்கள்தான்.

கணினி உலகிலும் ஒரு புகழ்பெற்ற லொக் புத்தகம் உண்டு. 1947 செப்டம்பர் 9ஆம் திகதி ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி கோளாறு செய்தது. இயக்கியவர்கள் திறந்து பார்த்தபோது, மின் தொடுப்பி ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, லொக் புத்தகத்தில் பசை நாடாவால் ஒட்டி, அருகில் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்தார்கள். கணினித் துறையின் முன்னோடிப் பெண்களுள் ஒருவரான கிரேஸ் ஹொப்பர் அந்தக் குழுவில் பணியாற்றியவர். இந்தச் சம்பவத்தை அவர் பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துச் சொன்னதால் அது உலகெங்கும் பரவியது. கோளாறைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் பொறியியலாளர்களிடையே அதற்கு முன்பே இருந்தது. அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது. கோளாறு கண்டபோது அவர்கள் அதைச் சரிசெய்ததோடு நிற்கவில்லை. எங்கே, எப்போது என்று எழுதியும் வைத்தார்கள். இன்றைய சேவையகம் அதே வேலையை ஆளின்றித் தானே செய்கிறது.

இரண்டு பதிவேடுகள்

நமது இணையத்தளத்தின் கோப்புகள் ஹொஸ்டிங் நிறுவனம் ஒன்றின் சேவையகத்தில் இருக்கின்றன. ஒரே சேவையகத்தை வேறு பல தளங்களும் பகிர்ந்துகொள்ளும். நாம் அந்த இயந்திரத்தின் முன் போய் அமர முடியாது. நிறுவனம் தரும் கட்டுப்பாட்டுப் பலகை ஊடாகவே உள்ளே பார்க்கிறோம். பரவலாகப் பாவனையில் உள்ள சீபெனல் பலகையில் எரர்ஸ் என்றொரு பகுதி உண்டு. அண்மையில் பதிவான வழுக்களை அங்கே காணலாம். அத்துடன் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே எரர் லொக் என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகியிருக்கும். ஃபைல் மெனேஜர் மூலம் அதைத் திறக்கலாம்.

சேவையகம் இரண்டு வகைப் பதிவேடுகளைப் பேணுகிறது. ஒன்று வருகைப் பதிவேடு. பாடசாலை வாயிற்காவலரிடம் இருக்கும் பார்வையாளர் புத்தகம் போன்றது அது. யார் வந்தார், எப்போது வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பன அதில் இருக்கும். பதில் மூன்று இலக்க எண்ணாக எழுதப்படும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 403 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் சேவையகத்தின் உள்ளே கோளாறு. 503 என்றால் இப்போதைக்குச் சேவை வழங்க முடியாத நிலை. 4இல் தொடங்கும் எண்கள் கேட்கப்பட்ட விதத்தில் பிரச்சினை என்பதையும், 5இல் தொடங்கும் எண்கள் பதில் தரும் பக்கத்தில் பிரச்சினை என்பதையும் காட்டும்.

மற்றையது வழுப் பதிவேடு. அதுதான் சம்பவத் திரட்டு. பார்வையாளருக்கு வெறுமனே 500 என்று காட்டிவிட்டு, உண்மையான காரணத்தைச் சேவையகம் இங்கேதான் எழுதுகிறது. அப்படி மறைப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. வீட்டின் எந்தக் கதவில் பூட்டு உடைந்திருக்கிறது என்பதைத் தெருவில் போகும் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை அல்லவா?

ஒரு வரியை வாசித்தல்

பதிவேட்டைத் திறந்தவுடன் நெருக்கமான ஆங்கில எழுத்துகள் திரையை நிரப்பும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். ஒரு வரியைத் தமிழாக்கினால் இப்படி வரும்:

மார்ச் 16, 20:04:11, யூ.டீ.சீ. – பீ.எச்.பி. ஃபேட்டல் எரர் – கிரியேட் ஃபங்ஷன் என்ற பெயரில் துணைச் செய்நிரல் எதுவும் இல்லை – ப்ளகின்ஸ் கோப்புறை, கெலரி என்ற கோப்பு, வரி 112.

இதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது, நேரம். இரண்டாவது, பாரதூரத்தின் அளவு. மூன்றாவது, நடந்தது என்ன. நான்காவது, நடந்த இடம்.

பாரதூரத்தின் அளவில் சில படிகள் உண்டு. நோட்டீஸ் என்பது சிறு குறிப்பு. டெப்ரிகேட்டட் என்பது, "இந்த முறை பழையது, விரைவில் கைவிடப்படும்" என்ற முன்னறிவித்தல். வோர்னிங் எச்சரிக்கை. இம்மூன்றிலும் தளம் பொதுவாகத் தொடர்ந்து இயங்கும். பார்ஸ் எரர் என்றால் செய்நிரலின் இலக்கணமே பிழை. ஓர் அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விடுபட்டிருக்கும். ஃபேட்டல் எரர் என்றால் அந்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிட்டது. தளம் முடங்கியிருக்கும்போது முதலில் தேட வேண்டியவை கடைசி இரண்டும்தான். நூறு நோட்டீஸ் வரிகளைக் கண்டு மிரண்டு, அவற்றின் நடுவே இருக்கும் ஒரேயொரு ஃபேட்டல் வரியைத் தவறவிடக் கூடாது.

யூ.டீ.சீ. என்ற மூன்று எழுத்துகளையும் கவனியுங்கள். அது உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. எனவே பதிவேட்டில் 20:04 என்று இருந்தால் நமது நாட்டில் அப்போது அடுத்த நாள் அதிகாலை 1:34. இந்தச் சிறிய கழித்தல் கூட்டலில் ஒருவரின் நற்பெயரே தங்கியிருக்கலாம். எப்படி என்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

குற்றம் சாட்டப்பட்ட புகைப்படங்கள்

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் ஒரு பாடசாலைத் தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து, மார்ச் 16ஆம் திகதி இரவு 7:45க்கு ஊடகக் கழக மாணவி ஒருத்தி புகைப்படங்களைப் பதிவேற்றுகிறாள். மறுநாள் காலை தளத்தைத் திறந்தவர்களுக்கு, பாரதூரமான வழு ஏற்பட்டுள்ளது என்ற ஒரு வரி மட்டுமே தெரிகிறது. அன்றுதான் முதலாம் தர அனுமதிக்கான விண்ணப்பப் படிவத்தைத் தளத்திலிருந்து பெறுமாறு பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சந்தேகம் யார் மீது விழும் என்று சொல்லத் தேவையில்லை. பதிவேட்டைத் திறந்து அரைகுறையாக வாசித்தால் அந்தச் சந்தேகம் இன்னும் உறுதியாகும். முதல் ஃபேட்டல் எரர் மார்ச் 16, 20:04 என்கிறது. மாணவி படம் ஏற்றியது இரவு 7:45. பத்தொன்பது நிமிடங்களில் தளம் விழுந்திருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்.

இப்போது நேரத்தை மாற்றுவோம். மாணவி பதிவேற்றிய இரவு 7:45 என்பது உலகப் பொது நேரத்தில் 14:15. முதல் வழு 20:04. இடையில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் இருக்கிறது. அந்த ஆறு மணித்தியாலத்தில் தளம் எப்படி இருந்தது? வருகைப் பதிவேட்டைத் திறந்தால் 14:15க்குப் பின்னர் வந்த எல்லோருக்கும் 200 என்ற பதில் போயிருக்கிறது. புதிய படங்களையே பலர் பார்த்திருக்கிறார்கள். 20:04இலிருந்துதான் 500 வரிசையாக வருகிறது. மாணவி வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதை வரியின் மூன்றாம் பகுதி சொல்கிறது. கிரியேட் ஃபங்ஷன் என்பது பீ.எச்.பி. மொழியில் நீண்டகாலம் இருந்த ஒரு வசதி. 2017 நவம்பரில் வெளிவந்த 7.2 பதிப்பில் அது பழையது என்று அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் வெளிவந்த 8.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அந்த நள்ளிரவில் ஹொஸ்டிங் நிறுவனம் தன் சேவையகத்தில் பீ.எச்.பி.யின் புதிய பதிப்பை நிறுவியிருக்கிறது. படங்களை அடுக்கிக் காட்டும் பழைய ப்ளகின் மட்டும் கைவிடப்பட்ட அந்த வசதியை இன்னமும் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை, ஓட்டம் நின்றது.

இதற்குப் பரிகாரம் பத்து நிமிட வேலைதான். தளம் உடனே வேண்டும் என்றால், ஃபைல் மெனேஜரில் அந்த ப்ளகினின் கோப்புறைப் பெயரை மாற்றிவிட்டால் வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு ஏனையவற்றோடு இயங்கத் தொடங்கும். படங்கள் சற்று நேரம் ஒழுங்காகத் தெரியாமல் இருக்கலாம். விண்ணப்பப் படிவம் கிடைக்கும். பிறகு ப்ளகினின் புதிய பதிப்பை நிறுவலாம். அது கைவிடப்பட்ட ப்ளகின் என்றால் வேறொன்றைத் தேடலாம்.

பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியவரும். அதே கோப்பு, அதே 112ஆம் வரி, டெப்ரிகேட்டட் என்ற முன்னறிவித்தலோடு நெடுங்காலமாகப் பதிவாகி வந்திருக்கும். யாரும் வாசிக்கவில்லை. 2019இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, இவ்வாறு தளம் நிற்கும்போது நிருவாகியின் மின்னஞ்சலுக்குத் தகவலும் போகும். ஆனால் அந்த முகவரி எப்போதோ மாற்றலாகிச் சென்ற ஒருவருடையதாக இருந்தால் அதனால் என்ன பயன்?

அடிக்கடி காணும் வழுக்கள்

நினைவகம் போதவில்லை. "அனுமதிக்கப்பட்ட 134217728 பைற்று தீர்ந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும். இந்த நீண்ட எண்ணை 1024ஆல் இருமுறை வகுத்தால் 128 கிடைக்கும். அதாவது 128 மெகாபைற்று. புகைப்படங்களை ஏற்றும்போது இது ஏற்படக் காரணம் உண்டு. கைபேசியில் எடுத்த படம் 4 மெகாபைற்றுதானே என்று நாம் நினைக்கிறோம். அது சுருக்கி வைக்கப்பட்ட அளவு. அதைச் சிறிதாக்குவதற்காகச் சேவையகம் விரித்துப் பார்க்கும்போது 4000க்கு 3000 புள்ளிகள், புள்ளி ஒன்றுக்கு 4 பைற்று என்று 4 கோடியே 80 இலட்சம் பைற்று தேவைப்படுகிறது. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் எல்லை நெருங்கிவிடும். படங்களை முதலிலேயே சிறிதாக்கி ஏற்றுவது நல்லது. இந்த வழுவில் குறிப்பிடப்படும் வரி, நினைவகம் தீர்ந்துபோன இடம் மட்டுமே. அதிகம் செலவிட்டது வேறொரு பகுதியாகவும் இருக்கலாம்.

நேரம் போதவில்லை. பீ.எச்.பி. ஒரு வேலைக்கு வழமையாக 30 செக்கன்கள் தருகிறது. அதற்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடும். பெரிய கோப்புகளை இறக்குமதி செய்யும்போது இதைக் காணலாம்.

தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை. பார்வையாளருக்கு ஒரே செய்திதான் தெரியும். பதிவேடு வேறுபடுத்திக் காட்டும். 1045 என்ற எண் இருந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அமைப்புக் கோப்பில் மாற்ற மறந்திருப்பார்கள். 1040 என்றால் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய இணைப்புகள். முதலாவதை நாமே திருத்தலாம். இரண்டாவது அடிக்கடி வந்தால் ஹொஸ்டிங் நிறுவனத்துடன் பேச வேண்டும்.

அனுமதி மறுப்பு. லினக்ஸ் சேவையகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி எண் உண்டு. வழமையாகக் கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755. அவசரத்தில் சிலர் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடுவார்கள். அது வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பதற்குச் சமம். சில சேவையகங்கள் அப்படித் திறந்து கிடக்கும் கோப்பை இயக்கவே மறுத்து 500 காட்டும்.

கோப்பு இல்லை. தகவல் தொழினுட்பப் பாடச் செயற்றிட்டங்களில் நம்மில் பலர் கண்டது இது. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த படம், ஹொஸ்டிங் செய்ததும் காணாமல் போகும். வருகைப் பதிவேட்டில் 404 இருக்கும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வின்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். பெயரை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இடம் இல்லை. நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் எழுத முடியாது. சில வேளைகளில் யாரும் பார்க்காமல் வளர்ந்துகொண்டே போன வழுப் பதிவேடே அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

பதிவேடு மௌனமாக இருந்தால்

தளம் திறக்கவில்லை, ஆனால் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. அந்த மௌனமும் ஒரு பதில்தான். வாயிற்காவலரின் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால், வந்தவர் வாயிலையே அடையவில்லை என்று பொருள். தளத்தின் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமல் காலாவதியாகியிருக்கலாம். பெயரைச் சேவையகத்தின் முகவரியோடு இணைக்கும் பதிவு தவறாக மாற்றப்பட்டிருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக வழங்கிவரும் சான்றிதழ்கள் குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும் வகையிலானவை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தடைப்பட்டால் உலாவி எச்சரிக்கை காட்டிப் பார்வையாளரை நிறுத்திவிடும். இத்தகைய வேளையில் கோப்புகளைக் கிளறுவது வீண்.

பக்கம் திறக்கிறது, ஆனால் பொத்தான் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், கோளாறு பார்வையாளரின் உலாவிக்குள் இயங்கும் ஜாவா ஸ்கிரிப்டில் இருக்கலாம். அது சேவையகத்தின் பதிவேட்டில் விழாது. கணினியில் எஃப் 12 விசையை அழுத்தினால் உலாவியின் சொந்தப் பதிவேடு திறக்கும்.

பதிவேடு ஓர் அமானிதம்

வழுப் பதிவேட்டில் நமக்கு மட்டும் தெரிய வேண்டிய பல விடயங்கள் இருக்கும். கோப்புகளின் முழு முகவரி, பார்வையாளர்களின் ஐ.பி. முகவரி, சில சமயம் பெற்றோர் படிவத்தில் நிரப்பிய மின்னஞ்சலோ தொலைபேசி இலக்கமோகூட அதில் விழுந்துவிடலாம். 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம் தனது 33 கோடிக்கு மேற்பட்ட பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைக்கப்படுவதற்கு முன்பே, ஒரு வழுவினால், உள்ளகப் பதிவேடு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. யாரும் திருடியதாகத் தெரியவில்லை என்றே நிறுவனம் கூறியது. ஆயினும் பதிவேடு எவ்வளவு கவனத்துக்குரியது என்பதை அது காட்டியது.

ஆகவே உதவி கேட்கும் அவசரத்தில் முழுப் பதிவேட்டையும் வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. வேண்டிய சில வரிகளை மட்டும் எடுத்து, பெயர், முகவரி, கடவுச்சொல் இருந்தால் நீக்கி அனுப்ப வேண்டும். வேர்ட்பிரஸில் விரிவான பதிவைப் பெற டீபக் என்ற அமைப்பை இயக்கலாம். அப்போது வழுக்கள் கோப்பில் மட்டும் பதியவும், திரையில் காட்டப்படாதிருக்கவும் அமைப்பது அவசியம். அந்தக் கோப்பு வழமையாக உருவாகும் இடத்தை வெளியார் திறந்து பார்க்கக்கூடிய சேவையகங்களும் உண்டு. வேலை முடிந்ததும் அமைப்பை நிறுத்திக் கோப்பையும் அகற்றிவிட வேண்டும்.

எந்த ஒழுங்கில் செய்வது?

தளம் முடங்கியதும் முதலில் எதையும் அழிக்காமல் பதிவேட்டின் பிரதியொன்றை எடுத்து வையுங்கள். பல சேவையகங்கள் பழைய பதிவுகளைச் சில நாட்களில் தாமாகவே நீக்கிவிடும். அடுத்து, கோளாறு முதலில் தெரிந்த நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அந்த இடத்துக்குப் போங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வந்து, வழுத் தொடரின் முதலாவது வரியைத் தேடுங்கள். ஒரு கோளாறு பத்துக் கோளாறுகளைப் பெற்றெடுக்கும். மருந்து முதலாவதற்குத்தான் வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரேயொரு மாற்றத்தைச் செய்து, பக்கத்தை மீளத் திறந்து, புதிய வரி விழுகிறதா என்று பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், தளம் சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது.

நம்மால் முடியாத இடத்தில் ஹொஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதலாம். "எங்கள் தளம் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால், என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டுத்தான் பதில் வரும். "மார்ச் 16, 20:04 யூ.டீ.சீ. முதல் இந்த வழு பதிவாகிறது; அதற்கு முன் ஆறு மணித்தியாலம் நாங்கள் எதையும் மாற்றவில்லை; உங்கள் பக்கத்தில் பதிப்பு மாற்றம் நடந்ததா?" என்று எழுதினால் பதில் நேராக விடயத்துக்கு வரும்.

சகோதரிகளே, இயந்திரம் தன் பங்கைத் தவறாமல் எழுதுகிறது. மனிதர் செய்யும் மாற்றங்களை அது முழுமையாக அறியாது. எனவே தளத்தைப் பொறுப்பேற்கும் கழகங்கள் ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பியில் நான்கு நிரல்களைக் கோடிட்டு வைக்கலாம்: திகதி, நேரம், செய்த மாற்றம், செய்தவர் பெயர். ஆண்டு முடிவில் பொறுப்பு அடுத்த அணிக்குக் கைமாறும்போது, கடவுச்சொற்களையும் நிருவாகியின் மின்னஞ்சல் முகவரியையும் புதுப்பித்து, இந்தக் கொப்பியையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்கி, தளம் நன்றாக இயங்கும்போதே வழுப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். அன்று காணும் ஒரு டெப்ரிகேட்டட் வரிதான் நாளை விண்ணப்பப் படிவத்துக்காகக் காத்திருக்கும் பெற்றோரையும், காரணமின்றி விரல் நீட்டப்படும் ஒரு மாணவியையும் காப்பாற்றப் போகிறது.